மாடிக்கொரு பட்டன்

லிஃப்ட் மெக்கானிக் சபதம் போட்டார். சும்மா இல்லை, சாப்பாட்டு மேஜையை ஓங்கிக் குத்திப் போட்டார். குத்திய வேகத்தில் அவருடைய தொப்பை ஒரு குலுங்கு குலுங்கியது. சட்டையின் நடு பட்டன் தெறித்துப் போய்த் தண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது.

"நாளையிலேருந்து தினமும் அரை மணி நேரம் உடற்பயிற்சி! இடியே விழுந்தாலும் நிறுத்த மாட்டேன்!"

"நிறுத்தாதீங்க," என்றாள் மனைவி, ஸ்பூனால் பட்டனைத் துழாவி எடுத்தபடி. "உங்களுக்குப் பத்துற கடைசிச் சட்டை இது. மத்த எட்டும் பீரோவுல தூங்குது."

சபதத்துக்குக் காரணம் கம்பெனி டாக்டர். மூன்று மாதத்தில் எடையும் சர்க்கரையும் குறையாவிட்டால் லிஃப்ட் குழிக்குள் இறங்க அனுமதி கிடையாது, ஆபீசில் உட்கார்ந்து புகார் போனை எடுக்க வேண்டியதுதான் என்று எழுதியே கொடுத்துவிட்டார் அந்தப் புண்ணியவான். மெக்கானிக் இருபத்திரண்டு வருஷம் கம்பியோடும் கிரீஸோடும் வாழ்ந்த மனுஷன். 'வணக்கம், லைன்ல இருங்க' என்று நாள் முழுக்கச் சொல்வதை நினைத்தாலே அவருக்கு நெஞ்சை அடைத்தது.

சபதம் நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றது. ஆறாம் நாள் ஒரு ஓட்டல் லிஃப்ட் நின்றது. ஏழாம் நாள் சபதமே நின்றது.

"என்னங்க, இன்னிக்கு நடக்கப் போகலையா?"

"நேரம் எங்கடி இருக்கு? காலையில ஏழு மணிக்குப் போன் அலற ஆரம்பிச்சா மூச்சு விட முடியுதா?"

"அரை மணி வேணாம். பத்துப் பத்து நிமிஷமாப் பிரிச்சுக்கோங்க. நாம இருக்கறது ஏழாவது மாடி. படியில ஏறி இறங்கினாலே போதுமே."

"என்னது! லிஃப்ட் மெக்கானிக் படியில ஏறணுமா? பாக்கறவன் வாயால சிரிக்க மாட்டான்! என் மானத்தை வாங்கவே உன்னைக் கட்டி வச்சாங்களா?"

"சரி," என்றாள் அவள்.

அவள் 'சரி' என்றால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பதினெட்டு வருஷத்தில் இதை அவர் கற்றிருக்க வேண்டும். எங்கே!

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பியபோது லிஃப்ட் அசையவில்லை.

அது பழைய லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் கையால் இழுத்துச் சாத்தும் கதவு. ஏதாவது ஒரு மாடியில் கதவு விரல்கடை திறந்திருந்தாலும் போதும், பெட்டி நகராது. எந்த மாடி என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக இறங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். இரண்டாவது மாடியில், கதவு ஓடும் பள்ளத்தில், ஒரு வெள்ளைப் பட்டன் செருகியிருந்தது.

"எந்தக் களவாணிப் பயல்டா இது!"

சாயங்காலம் வீடு திரும்பினால் மறுபடியும் லிஃப்ட் நிற்கிறது. இந்தத் தடவை ஆறாவது மாடி. நீலப் பட்டன். அடுத்த நாள் நாலாவது மாடி. அடுத்த வாரம் ஒரே நாளில் இரண்டு. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வாட்ச்மேன் சொன்னதுதான்.

"நீங்க வர்ற வரைக்கும் ஜம்முனு ஓடிட்டிருந்துச்சு சார். உங்களைப் பாத்தாத்தான் படுத்துக்குது."

மூன்றாவது மாடி டியூஷன் வாத்தியார் வாசலில் நின்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார். "என்ன மெக்கானிக், ஊர் லிஃப்டெல்லாம் ஓட்டறீங்க, சொந்த வீட்டு லிஃப்ட் உங்களை மதிக்க மாட்டேங்குதே?"

மெக்கானிக்குக் காது மடல் வரை சிவந்தது. போன வருஷம் டிரில்லிங் சத்தத்துக்காகத் தன்னோடு சண்டை போட்டவர்தான் இந்த வாத்தியார். சந்தேகமே இல்லை, இவர் வேலைதான்! கிடைத்த ஒவ்வொரு பட்டனையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடி மேல் 'ஆதாரம்' என்று எழுதி ஒட்டினார்.

"நாளைக்கு மூணாவது மாடியில ஒளிஞ்சு நிக்கப் போறேன்," என்று மனைவியிடம் பல்லைக் கடித்தபடி சொன்னார். "ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது."

"நான் ஏன் சொல்றேன்?"

மூன்றாவது மாடியில் அரை மணி நேரம் தூணோடு தூணாக நின்றார். பட்டன் ஐந்தாவது மாடியில் கிடைத்தது. ஐந்தாவதில் நின்றார். முதல் மாடியில் கிடைத்தது.

"ஒரே இடத்துல நின்னா எப்படிங்க அகப்படுவான்?" என்றாள் மனைவி, அக்கறையாக. "மேலயும் கீழயும் ரோந்து போகணும். அதுவும் வேகமாப் போகணும். மெதுவாப் போனா ஓடிட மாட்டானா?"

"அதான் நானும் நினைச்சேன்," என்று உறுமினார் அவர்.

அன்றிலிருந்து காலையில் மூன்று ரவுண்டு, சாயங்காலம் மூன்று ரவுண்டு. எவ்வளவு வேலை இருந்தாலும் ரோந்து தவறவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் காத்திருந்தது, ஓட்டல் லிஃப்ட் காத்திருந்தது. சபதத்துக்குக் கிடைக்காத நேரம் கோபத்துக்குக் கிடைத்தது. இடையில் பேன்ட் இடுப்பில் நிற்காமல் வழுக்க ஆரம்பித்தது. அதற்கும் அந்தக் களவாணியைத்தான் திட்டினார். அவனால்தான் சோறு இறங்கவில்லையாம்!

மூன்று மாதம் கழித்து டாக்டர் தராசையும் ரிப்போர்ட்டையும் இரண்டு தடவை பார்த்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. எடை ஒன்பது கிலோ குறைந்திருந்தது. குழிக்குள் இறங்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மெக்கானிக் வெற்றி வீரராக வீடு திரும்பினார். அதிசயமாக லிஃப்ட் ஓடியது. ஏழாவது மாடியில் இறங்கி, கையில் இருந்த காகிதத்தை மனைவி முன்னால் ஆட்டினார்.

"பாத்தியா? படி ஏறு, படி ஏறுன்னு உயிரை வாங்கினியே! ஒரு நாள் உடற்பயிற்சி பண்ணியிருப்பேனா? எல்லாம் உடம்பு வாகுடி! வேலை தப்பிச்சிடுச்சு. இப்ப அந்த வாத்தியாரை ஒரு கை பாக்கறேன். அறுபத்து மூணு ஆதாரம் இருக்கு, நேரா போலீசுக்குப் போறேன்!"

மனைவி பீரோவைத் திறந்து எட்டுச் சட்டைகளை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். வெள்ளை, நீலம், பழுப்பு. ஒன்றிலும் பட்டன் இல்லை. கத்தரித்த நூல்தான் தொங்கியது.

"போலீசுக்கு அப்புறம் போகலாம். அந்த டப்பாவைக் கொடுங்க, தைக்கணும். இப்ப எட்டும் உங்களுக்குப் பத்தும்."

மெக்கானிக் சட்டையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"நீயா? நீயாடி? மூணு மாசமா என்னைப் பைத்தியக்காரனாட்டம் மேலயும் கீழயும்... ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சுதே!"

"ஊருக்குச் சொல்லிட்டுத்தான் செஞ்சேன். காலையில நீங்க கிளம்பும்போதும், சாயங்காலம் உங்க வண்டிச் சத்தம் கேட்டப்புறமும்தான் பட்டனைச் செருகுவோம், மத்தவங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதுல்ல? கீழ் மாடியெல்லாம் வாத்தியார் பொறுப்பு. நல்ல மனுஷன், பாவம்."

"இந்த வீட்ல இனி ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்!" என்று கர்ஜித்து, கதவை அறைந்து சாத்தி, வெளியே பாய்ந்து லிஃப்டில் ஏறி, கீழ்த்தளத்துக்கான பொத்தானை ஓங்கிக் குத்தினார்.

லிஃப்ட் அசையவில்லை.

வீட்டுக்குள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "மூணாவது மாடியில இருக்கும், வரும்போது மறக்காம எடுத்துட்டு வாங்க. வெள்ளைச் சட்டைக் காலருக்கு அது ஒண்ணுதான் குறையுது."