வண்டி நிற்காத கதை

இரண்டாவது கதையையும் மேனேஜர் கண்ணுசாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு ஓடும் தனியார் பஸ்ஸிலிருந்து ஓய்வு பெறும் டிரைவர் சுடலைமாடனுக்கு அன்று சாயங்காலம் பஸ் ஷெட்டில் பிரிவு உபசாரம். அவரோடு ஒரே வண்டியில் காலம் தள்ளிய கண்டக்டர் பூவனலிங்கம்தான் பாராட்டிப் பேச வேண்டும். சுடலைமாடன் என்றால் பூவனலிங்கத்துக்கு உயிர். நல்லவர், வல்லவர் என்று அடுக்கினால் கூட்டம் கொட்டாவி விடும். ஆளைக் கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரி ஒரு கதை சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை.

"பருத்தி எடுக்கப் போன பொம்பளைக எல்லாரும் மழையில மாட்டிக்கிட்டாவ சார். கரிசமண்ணு கால்ல அப்பி நடக்க முடியல. வண்டிய நிறுத்தி அம்புட்டு பேரையும் ஏத்தினாவளே, அத ஏன் வேண்டாங்கீங்க?"

"அந்தக் காட்டுல ஸ்டாப் உண்டா வே?"

"இல்ல."

"டீக்கடை கருத்தையா மவன் ஹால் டிக்கெட்ட மறந்துட்டு வந்தான்னு வண்டியத் திருப்பினாருன்னு சொன்னீரே, அது ரூட்டுல உண்டா?"

கண்ணுசாமி குரலைத் தாழ்த்தினார்.

"அவர வழியில வண்டிகளச் சோதிக்குத செக்கிங் வேலையில வச்சுக்கிடலாமான்னு மொதலாளி யோசிக்காவ. மூணு பொண்ணு உள்ள மனுசன். நினைச்ச இடத்துல நிறுத்துத ஆளுன்னு தெரிஞ்சா அந்த வேலை அம்புட்டுதான். வண்டி நிக்காத கதையாப் பாத்துச் சொல்லும்."

பூவனலிங்கம் நேரே கருத்தையாவின் டீக்கடைக்குப் போனார்.

"அண்ணாச்சி, நம்ம டிரைவர் வண்டிய நிறுத்தாமப் போன கதை ஏதாவது தெரியுமா?"

கருத்தையா டீயை ஆற்றியபடியே யோசித்தார். "நிறுத்தாமப் போனா அதுல என்னய்யா கதை இருக்கு?"

பெஞ்சில் இருந்தவர்களும் யோசித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அப்படி ஒன்று ஞாபகம் வரவில்லை. முன்பு பருத்தி எடுத்து, இப்போது தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் பெத்தம்மாளைப் பூவனலிங்கம் வழியில் பிடித்துக் கேட்டார். "எதுக்குக் கேக்குதீங்க?" என்றாள். விழா விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அது தப்பாகப் போயிற்று. சாயங்காலம் ஷெட்டில் முப்பது நாற்காலிதான் போட்டிருந்தார்கள். பெத்தம்மாள் தன்னோடு வேலை பார்க்கிறவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள். கருத்தையா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஆளாளுக்குத் தங்கள் கதையை மேடையில் கேட்கலாம் என்று வந்திருந்தார்கள். முதலாளி கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவங்கள்லாம் யாரு?" என்று கண்ணுசாமியிடம் கேட்டார்.

வேறு வழியில்லாமல் பூவனலிங்கம் மேடையிலேயே ஒரு கதை கட்டினார்.

"ஸ்டாப் இல்லாத இடத்துல இவிய கால் பிரேக்குல பட்டதே கிடையாது. ஒருநாள் நானே தண்ணி குடிக்க இறங்கினேன். நேரமாச்சுன்னு என்னையும் விட்டுட்டுப் போயிட்டாவ. அம்புட்டுக் கண்டிப்பு."

யாரும் கை தட்டவில்லை. மாலையோடு உட்கார்ந்திருந்த சுடலைமாடன் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். பெத்தம்மாள் எழுந்தாள்.

"அண்ணாச்சி, இது எந்த டிரைவர் கதை? எங்க டிரைவரப் பத்திப் பேசுங்க. அன்னைக்கு மழையில வண்டி நிக்கலேன்னா நாங்க காட்டுலயே கிடந்திருப்போம். வண்டி பூரா சகதி. இவிய ஒரு வார்த்தை சொல்லல."

"எம் மவன் இன்னைக்கு வாத்தியாரா இருக்கான்னா வண்டி திரும்பினதுனாலதான்" என்றார் கருத்தையா.

அதற்குப் பிறகு யாராலும் தடுக்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை முகூர்த்தம் தவறாமல் மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டது, பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குள்ளேயே கொண்டுபோய் விட்டது என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒரு கதைகூட ஸ்டாப்பில் நடக்கவில்லை. கண்ணுசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். தான் எந்தக் காலத்திலும் இவ்வளவு நன்றாகப் பேசியிருக்க முடியாது என்று பூவனலிங்கத்துக்குத் தோன்றியது. கூடவே, அந்தச் செக்கிங் வேலை கண்ணெதிரே கைவிட்டுப் போவதும் தெரிந்தது.

முதலாளி சுடலைமாடன் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் நெசமா?"

"நெசந்தான் மொதலாளி."

முதலாளி கூட்டத்தை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். பிறகு மைக்கைக் கையில் வாங்கினார்.

"வண்டிய எங்கெங்க நிறுத்துவாங்கன்னு இவருக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது. செக்கிங் வேலை இவருக்குத்தான். நாளையிலிருந்து நினைச்ச இடத்துல நிறுத்துத ஆள இவரு கண்டுபிடிச்சுத் தரட்டும்."

கைதட்டலில் ஷெட் அதிர்ந்தது. பூவனலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார்.

பெண்கள் வரிசையிலிருந்து சுடலைமாடனின் மனைவி சங்கரம்மாள் எழுந்தாள்.

"அதுக்கு எங்கன போய்த் தேடணும் மொதலாளி? இந்தக் கதையெல்லாம் இவிய வீட்டுல வந்து சொல்லும்போது பூவனலிங்கம் அண்ணாச்சி கதைன்னுதான் சொல்லுவாவ. அவிய விசில் ஊதாம இவிய என்னைக்குப் பிரேக்க மிதிச்சாவ?"