ஒரு தவறும் செய்யாத ஆட்டக்காரர்

நகரக் குடிநீர் வாரியத்துக்கு இரண்டு கடமைகள். ஒன்று, மக்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. மற்றொன்று, சம்பளம் கொடுத்து ஒரு கூடைப்பந்து அணியை வைத்திருப்பது. முதலாவது சிரமமான காரியம் என்பதால் வாரியம் இரண்டாவதில் முழுமூச்சாக இறங்கியிருந்தது. அந்த அணியின் ரசிகர்களாகிய நாங்களும் காலிக் குடத்தைக் குழாயடியில் வரிசைக்கு வைத்துவிட்டு அரங்கத்துக்கு ஓடுகிறவர்கள்தான்.

அந்த ஆண்டு அணியின் பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதே சமயம் மூன்று ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்றார்கள். மூவரில் ஒருவரைப் பயிற்சியாளராக்கலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தோன்றும். வாரியத்துக்கு அப்படிச் சட்டென்று தோன்றிவிடக் கூடாது அல்லவா? ஆகவே, எத்தகைய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்பதை ஆராய்ந்து பரிந்துரைக்க ஓர் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. தலைமைப் பொறியாளர் தலைவர், கணக்கு அதிகாரி உறுப்பினர். இருவரும் வாழ்நாளில் கூடைப்பந்தைத் தொட்டதில்லை. பாரபட்சம் இல்லாதவர்கள் என்று அதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

முதலில் நெட்டையை அழைத்தார்கள். அணியிலேயே அதிகம் கூடை போட்டவர் அவர்தான். அவர் உள்ளே நுழையும்போது கதவு நிலையில் நெற்றி இடித்தது. வழக்கமாக இடிப்பதுதான் என்று சொல்லி உட்கார்ந்தார். கூடை போடுவது எப்படி என்று தலைவர் கேட்டார்.

"கை தானாப் போகுது சார்."

"சரி. ஒரு பையன் போடறான், விழலை. அவனுக்கு என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

"போடச் சொல்லுவேன்."

"போட்டும் விழலைன்னா?"

நெட்டை இடித்த நெற்றியைத் தடவிக்கொண்டார். "ஏன் சார் விழாது?" என்று உண்மையான வியப்போடு கேட்டார்.

அவர் போனதும் கணக்கு அதிகாரி ஒரு விபரீதத்தைக் கண்டுபிடித்தார். அணியில் அதிகம் கூடை போட்டவர் எவரோ அவரே அதிகம் தவறவிட்டவரும்கூட. இவ்வளவு நஷ்டம் ஏற்படுத்திய ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுத்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்றார்.

அடுத்தவர் தபால். யார் எங்கே நிற்கிறாரோ அங்கே பந்தைக் கொண்டு சேர்ப்பார் என்பதால் அந்தப் பெயர். குள்ளம், மூக்குக்கு மேல் கோபம், தொண்டையோ ஒலிபெருக்கி. போன ஆண்டு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏன் தோற்றோம் என்று கேளாமலே விளக்கத் தொடங்கி, மேசையில் இருந்த டம்ளர்களையும் காகித எடைகளையும் ஆட்களாக நிறுத்திக் காட்டினார். குழு ஆர்வமாகத்தான் கேட்டது. கடைசியில் மைக்கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்து, தலைவரைப் பார்த்து, "இது உங்க மருமகன் சார். இவரை நடுவுல நிறுத்தினா ஆட்டம் உருப்படாது. இடது பக்கம்தான் இவருக்கு இடம்" என்றார்.

தலைமைப் பொறியாளர் மைக்கூட்டை எடுத்து மறுபடி நடுவில் வைத்தார். பேட்டி முடிந்தது. குறை காணும் இயல்பு உடையவர் என்று குறித்துக்கொண்டார்கள். ஆட்டம் முழுக்கப் பந்தைக் கையில் வைத்திருந்தவர் இவர் என்பதால், அதிக முறை பந்தைப் பறிகொடுத்தவரும் இவரே என்று கணக்கு அதிகாரி சேர்த்துக்கொண்டார்.

மூன்றாமவர் பெஞ்சு. மாற்று ஆட்டக்காரராகச் சேர்ந்தவர், சேர்ந்த நாள்முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு முறை அவரை எழுந்திருக்கச் சொன்னார்கள். மேல்சட்டையைக் கழற்றி, காலணி நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது ஆட்டம் முடிந்த விசில் ஊதிவிட்டது. கழற்றிய சட்டையை எல்லோரும் பார்க்க மறுபடி மாட்டிக்கொண்டதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. தபாலின் தங்கையைத்தான் கட்டியிருந்தார்.

அவர் குழுவிடம் ஒளிக்காமல் சொன்னார். தனக்கு அந்த வேலை தெரியாது, மச்சானுக்குக் கொடுங்கள் என்றார். "பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தவன் சொல்றேன் சார். ஆட்டம் மொத்தமும் அவர் தலைக்குள்ளதான் நடக்குது. நாங்க எல்லாம் சும்மா ஓடறோம். நான் அதுவும் இல்ல."

குழு நெகிழ்ந்துவிட்டது. இப்படி ஓர் அடக்கத்தை வாரியத்தில் பார்த்ததே இல்லை என்றார் தலைவர். கணக்கு அதிகாரியோ பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். குழுவின் பரிந்துரை இப்படி வெளிவந்தது: "மேற்படி ஆட்டக்காரர் தமது பணிக்காலம் முழுமையிலும் ஒரு பந்தையேனும் தவறவிட்டாரில்லை. ஒரு விதியையேனும் மீறினாரில்லை. எதிரணியினர் எவரும் இவரைக் கடந்து சென்றதாகச் சான்று இல்லை. பயிற்சியாளரின் பணி பெஞ்சில் அமர்வதாகும். இத்துறையில் இவருக்குள்ள அனுபவம் ஒப்பற்றது."

அன்று பெஞ்சின் வீட்டில் அடுப்பு எரியவில்லை. தபாலுக்குச் செய்தி போய், அவர் தங்கை வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பெஞ்சு, அந்த வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கக் கிளம்பினார். மனைவி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"நீங்க வேண்டாம்னா அண்ணனுக்கா குடுக்கப் போறாங்க? தலைவரோட மருமகனுக்குக் குடுப்பாங்க. பேசாம ஒத்துக்குங்க. அண்ணனுக்குத் தண்ணி குடுக்கிற வேலையக் கேட்டு வாங்குங்க. தண்ணி குடுக்கிறவங்க வாயத் திறக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல."

தபாலைச் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தங்கச்சி புருஷனுக்குத் தண்ணி தூக்குவதா என்று கத்தினார், கதவைச் சாத்தினார், பிறகு திறந்தார். கடைசியில், "காலம் பூரா பந்தை அடுத்தவன் கையிலதான் குடுத்தேன். இப்ப பாட்டிலு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அணி ஜெயிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு இடைவேளையிலும் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற சாக்கில் தபால் குனிந்து நாலு வார்த்தை சொல்லுவார், பெஞ்சு தலையசைப்பார், ஆட்டக்காரர்கள் இடம் மாறுவார்கள். மருமகனை இடது பக்கம் நிறுத்தினார்கள். பையன் பிய்த்து உதறினான். யாருமே கவனிக்காத ஒன்றைப் புதிய பயிற்சியாளர் கண்டுபிடித்துவிட்டார் என்று தலைமைப் பொறியாளர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

வெற்றியை விட வேகமாகப் பரவியது பெஞ்சு மோகம். பத்திரிகைகள் அவர் உட்காரும் விதத்தைப் படம் பிடித்துப் போட்டன. முதுகு நேராக, கைகள் முழங்காலில், முகத்தில் எதுவும் இல்லாமல். இதற்கு மௌனத் தலைமை என்று பெயர் வைத்தார்கள். வங்கி மேலாளர்கள் நாற்காலியைத் தூக்கிவிட்டு மரப்பெஞ்சு வாங்கிப் போட்டார்கள். மற்ற அணிகள் ஆடவே ஆடாத ஆட்டக்காரர்களைத் தேடி அலைந்தன. ஒருமுறை, தவறுதலாகத்தான், களத்தில் இறங்கிவிட்ட ஒருவருக்கு அந்தக் காரணத்தாலேயே வேலை மறுக்கப்பட்டது. வாரிய அலுவலகத்தில் மட்டும் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. அங்கே எல்லோரும் ஏற்கெனவே சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள்.

கோப்பையும் வந்தது. நிருபர்கள் சூழ்ந்துகொண்டபோது பெஞ்சால் தாங்க முடியவில்லை. எல்லாம் என் மச்சான் செய்தது, நான் தலையை மட்டும் ஆட்டினேன் என்று மைக்கில் சொல்லிவிட்டார். மறுநாள் பத்திரிகைகளில் அவருடைய அடக்கம் முதல் பக்கத்தில் வந்தது. வேறு வழியில்லாமல் ராஜினாமா செய்தார். காலி இடத்தைத் தபாலுக்குக் கொடுத்தது வாரியம். ஆட்டக்காரராக இருந்ததற்காக அல்ல, வெற்றி பெற்ற அணிக்குத் தண்ணீர் கொடுத்த அனுபவத்துக்காக.

தபால் பயிற்சியாளராக வந்த முதல் ஆட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். மனுஷன் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. கோட்டோரமாக ஓடினார், கையை வீசினார், மருமகனைத் திட்டினார். அணி நன்றாகத்தான் ஆடியது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். கடைசிப் பந்து வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

"கத்தறான் பாருங்க," என்றார் என் பக்கத்தில் இருந்த தையல்காரர். "பழைய கோச் எவ்வளவு அம்சமா உட்காருவாரு."

எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. பந்தைப் பறிகொடுத்த ஆளை யார் பயிற்சியாளராக்கியது என்று வாரியத்தின் முன்னால் போய்க் கோஷம் போட்டோம். வாரியம் மக்கள் சொன்னதைக் கேட்டது. அதன் வரலாற்றில் அதுவே முதல் முறை. பெஞ்சு திரும்ப அழைக்கப்பட்டார். மச்சான் பாட்டிலோடு பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வந்தார். அடுத்த ஆட்டத்தில் தபால் குனிந்து ஏதோ முணுமுணுப்பதை இந்த முறை நாங்களே கண்ணால் பார்த்தோம். தண்ணீர் கொடுக்கிறவன் பயிற்சியாளருக்கு யோசனை சொல்வதா என்று எங்களுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதையும் வாரியத்திடம் சொன்னோம். அதையும் வாரியம் கேட்டது. தபாலின் பாட்டில் வேலையும் போனது; பெஞ்சின் நிபந்தனையை அடக்கம் என்று எழுதிக்கொண்டு அவரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது.

தபால் இப்போது சந்தைக்குப் பின்னால் இருக்கிற பெண்கள் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறார். அவர் கத்துவது காய்கறிக் கடை வரை கேட்கும். அந்தப் பிள்ளைகளை யாராலும் ஜெயிக்க முடிவதில்லையாம். ஒழிந்த மாலைகளில் பெஞ்சு மனைவியோடு போய் மதில் ஓரமாக நிற்கிறார். ஒருநாள் பிள்ளைகளில் ஒருத்தி வரவில்லை. "மாப்பிள்ளை, சும்மாதானே நிக்கிறீங்க? எறங்குங்க" என்று தபால் கூப்பிட்டார். பெஞ்சு மேல்சட்டையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். முதல் பந்தையே தவறவிட்டார். தவறவிட்டுவிட்டு அப்படிச் சிரித்தாராம்.

இதெல்லாம் கேள்விப்பட்டதுதான். நாங்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஆட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது? நாங்கள் எங்கள் அணியின் ஆட்டங்களுக்குத் தவறாமல் போகிறோம். எல்லாவற்றிலும் தோற்கிறோம். ஆனாலும் தோற்கிற நேரத்தில் எங்கள் பயிற்சியாளர் உட்கார்ந்திருக்கிற அழகு வேறு எந்த அணிக்கும் வாய்க்கவில்லை.