பட்டாளத்தாரின் முதுகு

இரண்டாவது உலக யுத்தத்தை வென்றது யார் என்று கேட்டால், சரித்திரப் புத்தகங்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லும். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கேட்டிருந்தால் ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்: பட்டாளத்தாரின் முதுகு. அந்த முதுகு மட்டும் பாதியில் மக்கர் பண்ணாமல் இருந்திருந்தால் யுத்தம் இன்னும் சீக்கிரமாகவே முடிந்திருக்கும் என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. மனுக்களில் நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பட்டாளத்தார் என்றால்தான் திரும்புவார். அதுவும் தலை மட்டும் திரும்பாது, முழு ஆளாகத் திரும்புவார். முதுகு அப்படி.

வெள்ளைக்காரன் பட்டாளத்தில் மூட்டை தூக்கும் பிரிவில் சேர்ந்து, பாலைவனம் போய், அங்கிருந்து இத்தாலி போய், ஒரு காக்கிக் கோட்டு, ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு பதக்கம், தீராத முதுகுவலி ஆகியவற்றோடு திரும்பி வந்தவர் அவர். இப்படிப்பட்டவர்களின் உடம்பில் எத்தனை வீதம் கெட்டுப் போயிருக்கிறது என்று டொக்டர்மார் சபை ஒன்று பார்த்துச் சொல்லும். அதற்குத் தக்கபடிதான் பென்சன். பட்டாளத்தாரின் முதுகுக்குச் சபை போட்டது இருபது வீதம்.

நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார். தலைமையாசிரியரும் நானே, மணி அடிப்பவனும் நானே. தோட்டத்து ஒபிசுக்கு வெளியே இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பட்டாளத்தார் என் வாசலில் வந்து நிற்பார்.

“மாஸ்டர், இருவது வீதம்னா என்னங்க அர்த்தம்?”

“நூறு பங்குல இருபது பங்கு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.”

“அப்ப மிச்ச எம்பது பங்கு எங்கேங்க? குனிஞ்சு ஒரு விறகுக் கட்டைய எடுக்க முடியல. அந்த எம்பத எந்தப் பக்கம் வச்சிருக்காங்கன்னு கேட்டு எழுதுங்க.”

எழுதினேன். பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கு எந்தச் சபையால்தான் பதில் எழுத முடியும்?

இதில் அவருக்குப் பொறுக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. ஹட்டன் டவுனில் இன்னொரு பழைய பட்டாளத்துக்காரர் இருந்தார். யுத்தத்தில் அவர் குசினிக்காரர். அவருக்கு முப்பது வீதம்.

“சமைக்கப் போனவன் மாஸ்டர் அவன்! வெந்தண்ணியக் கால்ல ஊத்திக்கிட்டான். அதுக்கு முப்பதாம். சண்டைக்குப் போன முதுகுக்கு இருவதாம். இந்த நாட்டுல எங்களுக்குப் பிரஜாவுரிமைதான் இல்லேன்னுட்டாங்க. என் முதுகையாவது ஒருத்தன் ஒத்துக்கிறக் கூடாதா?”

வாயால் பேசியதெல்லாம் மானத்தைப் பற்றி. மனதுக்குள் இருந்தது அவர் மனைவி அங்கம்மா. பட்டாளத்தாரால் மலையில் வேலை செய்ய முடியாது. மகன் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்ததால், தோட்டம் கொடுத்த காம்பரா வீடு பறிபோகும் பயம் இல்லைதான். ஆனால் அவனுக்கும் வீடு நிறையப் பிள்ளைகள். ஆகவே மழையோ பனியோ, அங்கம்மாதான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவாள். சாயங்காலம் மூச்சு வாங்க இறங்கி வந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, புருஷனின் முதுகுக்கு எண்ணெயும் தேய்ப்பாள். பகலில் கூட, கீழ் மலையில் கொழுந்தெடுக்கும் போது அவர் “ஐயோ, ஆத்தா!” என்று ஒரு சத்தம் போட்டால் போதும், கூடையோடு ஓடி வந்துவிடுவாள். பட்டாளத்தாரின் முனகல் சாதாரண முனகல் அல்ல. பக்கத்துத் தோட்டத்தில் மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கும்.

“பென்சன் மட்டும் கூடட்டும் மாஸ்டர், மறுநாளே அவ பேர வெட்டச் சொல்லிருவேன். அப்புறம் அவ மலைப்பக்கம் தல வச்சுக்கூடப் படுக்கக் கூடாது” என்பார். பேர் வெட்டுவது என்றால் தோட்டத்துக் கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவது. மற்றவர்கள் பயந்து நடுங்கும் அந்த வார்த்தையை ஆசையோடு சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

மனுவில் எழுத வேண்டிய முக்கியமான சங்கதி, முதுகு எப்படிப் போனது என்பது. அங்கேதான் சிக்கல். ஒரு வாரம் குண்டு வெடித்துத் தூக்கி எறிந்தது என்றார். எழுதினேன். அதற்கு முன்பு டவுனில் வேறொருவரைப் பிடித்து, பாலம் இடிந்து விழுந்தது என்று எழுதி அனுப்பியிருந்தார். அடுத்த வருஷம் வந்து, ஒட்டகம் உதைத்தது என்று எழுதச் சொன்னார்.

“போன தடவ குண்டுன்னு எழுதினோமே?”

“அது ஒட்டகத்துக்கு முன்னால மாஸ்டர்.”

“குண்டு வெடிச்சது இத்தாலியிலன்னீங்க. இத்தாலிக்குப் பிறகு பாலைவனத்துக்குப் போகலையே?”

“ஒட்டகம் மொதல்ல ஒதச்சுச்சு. வலி பின்னால வந்துச்சு” என்றார். அதையும் எழுதினேன்.

சபையின் பதில் மட்டும் மாறவே மாறாது. கவனமாகப் பரிசீலித்தோம், மாற்றம் செய்ய இடமில்லை.

கடைசியில், கண்டிக்கு வந்தால் நேரில் பரிசோதிக்கிறோம் என்று அழைப்பு வந்தது. அன்றிலிருந்து லயம் நிம்மதியை இழந்தது. பட்டாளத்தார் சபைக்கு முன்னால் நடக்க வேண்டிய நடையைப் பழக ஆரம்பித்தார். ஒரு கை இடுப்பில், ஒரு கை முழங்காலில், முகம் தரையைப் பார்த்தபடி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு முனகலோடு தோட்டத்து ரோட்டில் மேலும் கீழும் போய் வந்தார். பின்னாலேயே லயத்துப் பிள்ளைகள் அத்தனையும், அதே கூனலோடு, அதே முனகலோடு, வரிசையாக. ஒரு நாள் குதிரையில் வந்த தோட்டத்துத் தொரை இந்த ஊர்வலத்தைப் பார்த்து மிரண்டுபோனார். லயத்தில் ஏதோ புதுக் காய்ச்சல் பரவிவிட்டது என்று நினைத்து, தோட்டத்து டொக்டரை மருந்துப் பெட்டியோடு அனுப்பிவைத்தார். அன்றைக்கு முனகிய பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கரண்டி பேதி உப்பு கிடைத்தது. மறுநாள் ஊர்வலத்தில் பட்டாளத்தார் மட்டும் தனியாக நடந்தார்.

சிரிப்பெல்லாம் அந்த மாதத்தோடு சரி. அடைமழையில் அங்கம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர், இனிமேல் மலை ஏறுவதும் மழையில் நனைவதும் கூடாது, நனைந்தால் நெஞ்சு தாங்காது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் நாளே அவள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாள். பட்டாளத்தார் அன்று என்னிடம் வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒட்டகத்தைப் பற்றிப் பேசவில்லை.

“இந்தத் தடவ கெடைக்கணும் மாஸ்டர்” என்றார். அவ்வளவுதான்.

கண்டிக்கு அவரோடு நானும் போனேன், மொழிபெயர்க்க. புறப்படும்போது அங்கம்மா ரொட்டியைக் கட்டிக் கொடுத்து, “அங்க போயி உள்ளதச் சொல்லுங்க. காமன் கூத்து கட்டாதீங்க. மாஸ்டர், நீங்கதான் பாத்துக்கணும்” என்றாள். “சரி புள்ள, சரி” என்றவர், ஹட்டன் ஸ்டேஷனிலேயே கூத்தைத் தொடங்கிவிட்டார். ரயிலுக்கு நின்றவர்களெல்லாம் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

சபையில் இரண்டு டொக்டர்மார் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். எங்களை வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார்கள். பட்டாளத்தார் பழகியதைவிட அற்புதமாக முனகினார். டொக்டர் ஒருவர் இரக்கத்தோடு பேனாவை எடுத்தார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்போது கதவு படாரென்று திறந்தது. சபையின் பெரிய டொக்டர் உள்ளே வந்தார். வெள்ளைக்காரர், நரைத்த மீசை, முழுப் பட்டாள உடுப்பு, பலகைத் தரை அதிரும் பூட்ஸ்.

எப்படி நடந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது பட்டாளத்தார் எழுந்து நின்றிருந்தார். குதிகால் இரண்டும் சேர்ந்து, நெஞ்சு முன்னால், தாடை மேலே, வலக்கை நெற்றியில். முதுகு லயத்து வாசல் இஸ்தோப்புத் தூண் மாதிரி நேராக இருந்தது. அப்படி ஒரு சலாமை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேனா கீழே போனது. போச்சு என்று நினைத்தேன். அங்கம்மாவின் முகம்தான் என் கண்ணில் வந்து நின்றது.

பெரிய டொக்டருக்கோ பரம சந்தோஷம். பதிலுக்குச் சலாம் வைத்து, கையை இறக்கி இளைப்பாறச் சொன்னார். பட்டாளத்தார் இறக்கவில்லை. மறுபடி சொன்னார். அசையவில்லை. மூன்றாம் தடவை கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார்.

நான் மெதுவாக அவர் காதருகே போனேன். “பட்டாளத்தாரே, கைய எறக்குங்க. தொரைக்குக் கோவம் வருது.”

பல்லைக் கடித்துக்கொண்டு உதடு அசையாமல் சொன்னார்: “முடியல மாஸ்டர். புடிச்சிருச்சு.”

“எது?”

“முதுகு.”

அப்போதுதான் அவர் கன்னத்தில் கண்ணீர் வழிவதைக் கவனித்தேன். முனகல் இல்லை. ஐயோ இல்லை, ஆத்தா இல்லை. மூன்று டொக்டர்மாரும் ஒரு பியூனும் நானும் சேர்ந்து அவரைப் பலகையைச் சாய்ப்பது போலச் சாய்த்து மேசைமேல் கிடத்தினோம். படுத்தபடியே சலாம் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஊசி போட்டு, அது வேலை செய்த பிறகுதான் கை நெற்றியை விட்டு இறங்கியது.

அதுவரை அந்த முதுகை யாரும் தொட்டே பார்த்ததில்லை. குனி, நிமிர் என்று சொல்லி எழுதியதோடு சரி. பெரிய டொக்டர் விரலால் ஒவ்வோர் எலும்பாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். அவர் முகம் மாறியது. என்னைப் பார்த்து, இது எப்படி நடந்தது, உண்மையைச் சொல்லச் சொல் என்றார். அவர் கையில் இருந்த மனுக்கட்டுக்குள் குண்டும் இருந்தது, பாலமும் இருந்தது, ஒட்டகமும் இருந்தது.

பட்டாளத்தார் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்படியே சொன்னார்: “மாவு மூட்டைங்க.”

“என்ன?”

“மாவு மூட்ட மாஸ்டர். இத்தாலியில. மழ பேஞ்சு ஒரே சேறு. குசினிக்குக் கொண்டு போனேன். வழுக்கிட்டேன். மூட்ட மேல விழுந்துருச்சு.”

நான் மொழிபெயர்த்தேன். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார் பெரிய டொக்டர்.

“மாவு மூட்டைக்கு யாருங்க பென்சன் குடுப்பா?” என்றார் பட்டாளத்தார்.

அதையும் மொழிபெயர்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. பெரிய டொக்டர் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுத உட்கார்ந்தார்.

ஐம்பது வீதம் என்று உத்தரவு வந்த அன்று லயத்தில் ஒரே கொண்டாட்டம். பட்டாளத்தார் ஹட்டனுக்குப் போய், குசினிக்காரர் வீட்டு வாசல் வழியாகச் சும்மா நாலு தடவை நடந்துவிட்டு வந்தார். சொன்னபடி அங்கம்மாவின் பெயரையும் வெட்டச் சொல்லிவிட்டார். கங்காணிக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு முறை யோசித்துப் பாருங்க என்றாராம்.

அடுத்த திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடம் திறக்க லயத்துப் பக்கமாகப் போனேன். தூறல். பெரட்டுக்குப் பெண்கள் கம்பளியும் கூடையுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அங்கம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. கால்கள் மட்டும் அடிக்கடி எழப் பார்த்தன.

லயத்தின் பின்பக்கம் திரும்பினேன். பீலியடியிலிருந்து பட்டாளத்தார் அரை வாளித் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். இரண்டு அடி வைப்பார், நிற்பார். வாளியை இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். நெற்றியெல்லாம் வேர்வை. மறுபடி தூக்குவார். வலி உயிர் போகிறது என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் தோட்டத்தையே கூட்டிவிடும் அந்த வாயிலிருந்து ஒரு சின்ன முனகல்கூட வரவில்லை.

“பட்டாளத்தாரே!” என்று ஓடினேன்.

அவசரமாக உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாதீங்க மாஸ்டர்” என்றார் ரகசியமாக. “கேட்டுச்சுன்னா எந்திரிச்சு வந்துருவா.”

வாளியின் வளையத்தில் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடுப்பங்கரை வரைக்கும் இரண்டு பேரும் வாயே திறக்காமல் நடந்தோம். எத்தனையோ பெரிய மனிதர்களை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். அந்த மனுஷனைப் பிடித்த அளவுக்கு எனக்கு இன்னொருவரைப் பிடித்ததில்லை.