உதட்டில் தெறித்த சொட்டு

தெறித்தது ஒரே ஒரு சொட்டு. அதுவும் மேலுதட்டில். ஆனால் அந்தச் சொட்டுக்குள் சில லட்சம் வயிற்றுப்போக்குக் கிருமிகள் குடித்தனம் நடத்துவது அவருக்குத் தெரியும். பதினோரு வருடமாகக் கிருமி ஆய்வகத்தில் உதவியாளர். கையுறை இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடமாட்டார் என்பதால் அங்கே அவர் பெயரே 'கையுறை'.

அப்பேர்ப்பட்டவர் முகக்கவசத்தை எதற்காக இறக்கினார்? அடுத்த மேசைக்காரி புருஷனோடு சண்டை போட்ட கதையைச் சொல்லத்தான். கவசத்தோடு சொன்னால் அதில் என்ன ருசி? பேச்சு வாக்கில் சிவப்பு மூடிக் குழாயைத் திறந்தார். தெறித்தது.

சோப்புப் போட்டுக் கழுவினார். பத்துத் தடவை கொப்பளித்தார். விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அதை மட்டும் செய்யவில்லை. அவர் வேலையை நிரந்தரமாக்கும் ஆணை பேராசிரியரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இந்த நேரத்தில் எழுதினால் பதினோரு வருடமும் அம்போ.

விஷயம் தெரியாதவன் நிம்மதியாக இருப்பான். இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்தக் கிருமி கதவை உடைத்து நுழைகிற ரகமில்லை. அதன் உடம்பில் ஊசி இருக்கிறது. குடலின் செல்லில் ஒட்டிக்கொண்டு, ஊசியைக் குத்தி, தன் புரதங்களை உள்ளே அனுப்பும். அவை போய்ச் செல்லின் மனத்தைக் கலைத்ததும், செல்லே வாசலைத் திறந்து 'வாங்க, வாங்க' என்று கிருமியை உள்ளே அழைத்துக்கொள்ளும்.

வயிற்று அமிலம்தான் முதல் காவல். சோறு போனால் அமிலம் நீர்த்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சாப்பாட்டை நிறுத்தினார்.

"தட்டு ஏன் தனியா இருக்கு? துண்டு வேற தனி?" என்றாள் மனைவி.

"சும்மாதான்."

"யாரு அவ?"

"எவ?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

கையுறை பாத்ரூமுக்குள் தப்பித்துப் போனார். வீட்டாருக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார். கண் சிவந்து, மூக்கு ஒழுக வெளியே வந்தார். அழுதுவிட்டு வருகிறார் என்று முடிவு கட்டிய மனைவி, பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினாள்.

"எங்கடி கிளம்பற?" என்றார் கூடவே இருக்கும் மாமியார்.

"அம்மா வீட்டுக்கு."

"அம்மா இங்கதான் இருக்கேன். அங்க பூட்டுதான் இருக்கு."

மாமியார் முப்பது வருடம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவர். மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "பொம்பள சமாச்சாரம்னா மூஞ்சி பளபளன்னு இருக்கும்டி. இது வேற" என்று சொல்லிவிட்டு, கடுங்காபி போட்டுக் கொடுத்தார். பட்டினி கிடந்தவர் அதை மட்டும் மறுக்கவில்லை.

மறுநாள் காலை வயிறு புரட்டியது. பத்து மணிக்குள் ஆறு தடவை.

ஊசி குத்தியாகிவிட்டது. இனி வேலை போனாலும் போகட்டும், வீட்டில் இரண்டு உயிர் இருக்கிறதே. சுவரைப் பிடித்துக்கொண்டே பேராசிரியரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"எந்த மூடி?" என்றார் பேராசிரியர். எந்த நிற மூடிக்குள் அந்தக் கிருமியின் எந்த ரகம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். உதவியாளர்கள் பாரபட்சமில்லாமல் சோதிக்க அப்படி ஓர் ஏற்பாடு.

"சிவப்பு, சார்."

"அதுல ஊசி செய்யற மரபணுவையே வெட்டி எடுத்தாச்சே. ஒட்டும், குத்தாது."

"ஆனா சார், ஆறு தடவை."

"எதுக்கும் சோதிச்சுடுவோம். முடிவு வர்ற வரைக்கும் வீட்டுல இருங்க."

இரண்டு நாள் வீட்டில் இருந்தார். இருந்தார் என்றால் பாத்ரூமில், பிளீச்சிங் பவுடரோடு. மூன்றாம் நாள் முடிவு வந்தது. கிருமி கிடையாது.

"பயத்துல போயிருக்கும்" என்ற பேராசிரியர் பதிவேட்டைத் தள்ளினார். "பதினோரு வருஷமா இதுல ஒரு எழுத்து இல்ல. ஒண்ணு இங்க எல்லாரும் மகான், இல்ல எல்லாரும் புளுகு. அதான் உங்க ஆர்டர்ல கையெழுத்துப் போட யோசிச்சேன். நீங்க இதுல எழுதுங்க, நான் அதுல போடறேன்."

ஆணையோடு வீட்டுக்கு வந்த கையுறை, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து அலமாரிக்குள் திணித்தாள். மாமியார் காபி நீட்டினார். நாலு நாள் பாரமும் இறங்கிய சுகத்தில் அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"எல்லாம் வெறும் பயம் அத்தை. பயத்துலயே வயிறு கலங்கிடுச்சு."

மாமியார் காலி டம்ளரை எட்டிப் பார்த்தார்.

"பயமில்ல மாப்பிள்ளை, பாத்ரூமே கதின்னு கிடந்தீங்களே, மலச்சிக்கல்னு நினைச்சு அன்னிக்குக் காபியில ஒரு ஸ்பூன் பேதி மருந்து கலந்தேன், அப்புறமும் நீங்க வெளிய வரவே இல்லையேன்னு இன்னிக்கு ரெண்டு ஸ்பூனா போட்டுட்டேன்."