பந்து வேண்டாம் முருகா

சாமியிடம் கேட்பது சுலபம். என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்பதுதான் கஷ்டம்.

நான் பத்தாவதோடு நிறுத்தியவன். மனைவி கோமதியின் நர்ஸ் வேலையால் டெக்சாஸ் வந்து, இர்விங்கில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறேன். எங்கள் மகன் சரவணன் கல்லூரி ஃபுட்பால் டீமில், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பாலில், லைன்மேன். (கரண்ட் கம்பம் ஏறுகிற லைன்மேன் இல்லை. ஊரில் என் தம்பி இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.)

எதிராளியை மறித்து நிற்பது அவன் வேலை. அவன் பள்ளிக்கூடத்தில் ஆடிய நாளிலிருந்து பார்க்கிறேன், பந்து ஒரு தடவைகூட அவன் கைக்கு வந்ததில்லை. மற்ற பிள்ளைகள் பந்தோடு ஓடுகிறார்கள். என் பிள்ளை மட்டும் மலை மாதிரி ஒருவன்மேல் மோதிப் புரள்கிறான். ஒதுக்குகிறார்களோ?

சென்ற வருடம் சீனியர் ஒருவனுக்கு முழங்காலில் அடிபட்டது. அந்த ஒரு ஆட்டத்துக்கு இடம் சரவணனுக்கு வந்தது. ஒழுங்காக ஆடினால் அது அவனுக்கே என்றிருந்தார் கோச். நான் சும்மா இருப்பேனா? "முருகா, ஒரே ஒரு தடவை பந்தை அவன் கையில் கொடு. மைதானத்திலேயே எல்லோருக்கும் லட்டு கொடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

கொடுத்துவிட்டான் முருகன்.

கடைசி நேரம். எங்கள் அணி பின்தங்கியிருந்தது. பந்தை எறிகிறவனின் கை வழுக்கியது. பந்து நேராகச் சரவணன் நெஞ்சுக்கு வந்தது. பிடித்தான். ஓடினான். கோட்டைத் தாண்டி விழுந்தான். நடுவர் ஒரு மஞ்சள் துணியை வீசினார்.

"பாத்தியா கோமதி, இங்கயும் நல்ல காரியத்துக்கு மஞ்சத் துணிதான்!"

லட்டுப் பையை அவிழ்த்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனேன். எல்லோரும் தலையில் கை வைத்திருந்தார்கள். (சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்தேன்.) எங்கள் அணிச் சட்டை போட்ட ஒரு பெரியவர் லட்டையும் என்னையும் பார்த்து, "நீ அவங்க ஆளா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "நோ, நோ! மை சன்!" என்று மார்தட்டினேன்.

அதற்குள் கோமதி பக்கத்தில் விசாரித்துவிட்டாள்.

"ஏங்க, உக்காருங்க. லைன்மேன் அந்த மாதிரி எறிஞ்ச பந்தைத் தொடவே கூடாதாம். பாயின்ட்டு கேன்சல்."

"அப்ப இத்தன வருஷமா குடுக்காதது?"

"கூடாதுன்னுதான் குடுக்கல!"

கையில் பாதி லட்டோடு உட்கார்ந்தேன். ஆட்டமும் போனது.

பார்க்கிங்கில் சரவணன் நேராக என்னிடம் வந்தான். "அப்பா, லட்டு குடுத்தீங்களா? சீரியஸ்லி?"

"வேண்டுதல்டா..."

"பெனால்டிக்கா ப்ரே பண்ணீங்க?"

கோச் அவனைக் கூப்பிட்டுப் பேசும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையின் இடத்தை என் வாயால் கெடுத்துவிட்டேனே! நல்ல வேளை, அந்த மனிதர் பெரிய மனதுக்காரர். பிடித்தது தப்புதான், ஆனால் அவன் பக்கமாக ஒருத்தன்கூட உள்ளே நுழையவில்லை என்று சொல்லி, இடத்தை அவனுக்கே கொடுத்துவிட்டார்.

இப்போதெல்லாம் கோயிலில் அர்ச்சனைக்கு வாய் திறக்க எனக்கு அனுமதி இல்லை. கோமதிதான் சொல்கிறாள்: "சரவணன், விசாக நட்சத்திரம். பந்து மட்டும் வேண்டாம் சாமி."

குருக்களும் சிரிக்காமல் தலையாட்டிவிட்டு உள்ளே போகிறார்.