ரெண்டே ரெண்டு சீட்

இனிமேல் பின்சீட்டில் உட்காருவதே இல்லை என்று லிஃப்ட் இன்ஸ்பெக்டர் முடிவெடுத்தார். முடிவெடுத்தபோது அவர் உட்கார்ந்திருந்தது பின்சீட்டில்தான்.

அவருக்கு ஒரு பக்கம் வண்டி ஓட்டிப் பழகத் தரையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்புகள் அடுக்கடுக்காக இருந்தன. இன்னொரு பக்கம் மாமியாரின் போர்வை. மடியில் மாமியாரின் கைப்பை. வண்டி திரும்பும்போதெல்லாம் கூம்புகள் அவர் தோளில் சாய்ந்து ஆறுதல் சொல்லின.

காரை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். வாரம் முழுக்க மாணவர்களிடம் உதைபடும் கார்தான் ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கார். அதனால் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு. கல்யாணமான புதிதில் இன்ஸ்பெக்டர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவள் பிரேக்கை மிதித்துவிடுவாள். ஒரு நாள் நடுரோட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார். ஸ்டியரிங் போனாலும் முன்சீட் மிஞ்சியது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து போகும் சுகம் மிஞ்சியது.

அதற்கும் மண் விழுந்தது. மாமியார் வந்து சேர்ந்தார்.

"பின்னாடி உட்கார்ந்தா எனக்குத் தலை சுத்துது மாப்பிள்ளை" என்றார் வந்த முதல் ஞாயிறு.

அன்றிலிருந்து மாப்பிள்ளை பின்னால். மாமியாரின் கால் அந்த இரண்டாவது பிரேக்கைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. ஆபத்து வந்தால் அவர் மிதிப்பதில்லை. துணிக்கடை வந்தால் மிதிப்பார். கூம்புகள் முன்னால் பாயும். இன்ஸ்பெக்டர் கூம்புகளோடு பாய்வார். மனைவியின் முகம் அவருக்கு மறந்துகொண்டே வந்தது. பின்மண்டையை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரைந்து காட்டுவார்.

அப்படி முடிவெடுத்த ஞாயிறன்றுதான் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றது ஒரு கார். சிவப்பு. கூரை கிடையாது. மூக்கு நீளம், முதுகு குட்டை. பழைய காலத்துப் பந்தயக் கார். இன்ஸ்பெக்டர் எண்ணிப் பார்த்தார். சீட் இரண்டே இரண்டு. பின்சீட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இங்கே அவர் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று சோதித்துப் பலகை மாட்டுகிறவர் அவர். ஆறு பேர் என்று அவர் மாட்டிவிட்டால் ஏழாவது ஆள் மந்திரியே ஆனாலும் படிக்கட்டுதான். பலகை சொன்னால் உலகம் கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. இரண்டு பேர் கார் என்றால் இரண்டு பேர். கணவன், மனைவி. கணக்கு தீர்ந்தது. பின்சீட்டே இல்லாத காரில் ஒரு மனிதனைப் பின்சீட்டில் உட்கார வைக்க யாரால் முடியும்?

அன்று சாயங்காலமே ஆராய்ச்சி ஆரம்பமானது. அசல் கார் கண்காட்சியில் கண்ணாடிக்குப் பின்னால்தான் கிடைக்கும் என்று தெரிந்தது. ஆனால் அதே உருவத்தை ஃபைபரில் வார்த்து, உள்ளே புது எஞ்சின் வைத்துத் தருகிற பட்டறை ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. சாப்பாட்டு மேஜை முழுக்கப் படங்கள் பரவின. தட்டு வைக்க இடமில்லாமல் மனைவி ஒரு படத்தின் மேலேயே வைத்தாள்.

"என்னங்க இது, செருப்புப் படம்?"

"அது காரு! அந்தக் காலத்துல பந்தயத்துல ஓடினது. இப்போ அதே மாதிரி அச்சு அசலா செய்றாங்க."

"அப்போ இது அசலா?"

"நகல். ஆனா அசலைவிட நல்லா ஓடும்."

"அசல் ஓடாதா?"

"ஓடும். கிடைக்காது."

"கிடைக்காததுக்கு எதுக்குங்க நகல்?"

"கலைம்மா, கலை! உனக்கு ரசனையே கிடையாதா?"

"இருந்ததுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். அவள் தட்டைத் தூக்கிப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஆமா, ஸ்கூலுக்கு இன்னொரு கார் வேணும்னு நான் கெஞ்சினப்போ, ஒரு வீட்டுக்கு ஒரு கார் போதும்னு சொன்னது யாரு?"

"அது அப்போ. இப்போ ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தா, ஒரு காரை வச்சே எல்லா வேலையும் பாக்குறது பெரிய தப்பு. எஞ்சின் தேய்மானம் ஒண்ணு. அப்புறம் வீட்டு வண்டி வேற, தொழில் வண்டி வேறன்னு இருக்கணும்."

"அப்படியா? நீங்களே சொல்றீங்களா?"

"நானேதான் சொல்றேன்."

"ம்" என்றாள்.

அந்த 'ம்'மைக் கேட்டதும் அவர் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டார்.

அவர் எதிர்பார்த்தது சண்டை. சண்டைக்குத் தயாராகப் பதில்களையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அவள் சண்டையே போடவில்லை. தினமும் ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். மழை வந்தா? மடக்குக் கூரை இருக்கிறது என்று கண்டுபிடித்து வந்தார். பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா? நின்று பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், கதவில் ஸ்கூல் பெயரை எழுதினால் அதைவிட விளம்பரம் கிடையாது என்று அடித்துச் சொன்னார். ஒவ்வொரு கேள்விக்கும் ஆபீசில் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பதில் தேடினார். லிஃப்டுகள் மாடிகளுக்கு நடுவே நின்றன.

"அம்மாவுக்குத் தலை சுத்துமே?" என்றாள் ஒரு நாள்.

இன்ஸ்பெக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இந்தக் கேள்வியை இன்றோடு குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும் என்று எழுந்தே நின்றுவிட்டார்.

"சுத்தவே சுத்தாது! தலை சுத்துறதுக்குக் காரணமே மூடின கண்ணாடிதான். இது திறந்த கார். காத்து நேரா மூஞ்சில அடிக்கும். தலை சுத்துறவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி கார்!"

"நெஜமாவா மாப்பிள்ளை?" என்று சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வந்தது. நாற்காலி இன்ஸ்பெக்டருடையது.

"சத்தியமா அத்தை!"

"ம்" என்றார் மாமியாரும். அது பரம்பரைச் சொத்து.

அடுத்த கேள்வி இன்னும் மோசம்.

"கார் தரையோட தரையா இருக்கே, உங்களால ஏறி இறங்க முடியுமா? என் ஸ்கூல்ல முதல் பாடமே அதுதான். வாங்க, பழகுங்க."

கூடத்தில் ஒரு தலையணை போட்டாள். அதில் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும். உட்காருவது சுலபமாக இருந்தது. தொப்பென்று விழுந்தால் போதும். எழுந்திருப்பதுதான் முடியவில்லை. உருண்டார். மேஜைக் காலைப் பிடித்தார்.

"பிடிக்கக் கூடாது! இன்னொரு தடவை."

"ஏம்மா, நான் உன் புருஷனா, உன் ஸ்டூடண்டா?"

"ஸ்டூடண்ட்னா இந்நேரம் பாஸ் ஆயிருப்பாங்க."

"முட்டி சத்தம் போடுது மாப்பிள்ளை. பயந்துடாதீங்க" என்றார் மாமியார், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். அவர் மனசில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த கார். காற்று. பக்கத்தில் மனைவி. பின்மண்டை அல்ல, முகம். அதற்காக உருளலாம்.

கடைசியில் ஒரு ஞாயிறு அவளே சொன்னாள்: "பட்டறைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம், கிளம்புங்க." இன்ஸ்பெக்டர் புதுக் கூலிங் கிளாஸ் வாங்கி வைத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு, கடைசித் தடவையாகக் கூம்புகளுக்கு நடுவே உட்கார்ந்தார். கூம்புகளிடம்கூட அன்று அவருக்குப் பிரியம் வந்தது.

பட்டறையில் பிசின் வாடை மூக்கைத் துளைத்தது. சக்கரமில்லாத கார் உடம்புகள் சுவரில் சாய்ந்து நின்றன. நடுவில் சிவப்பாக அது நின்றது. பட்டறைக்காரர் துணியால் துடைத்துவிட்டு, "முதல்ல யாருங்க ஓட்டிப் பாக்குறது?" என்றார்.

"நான்" என்று இன்ஸ்பெக்டர் காலை உள்ளே விட்டார். கால் போனது. தொப்பை ஸ்டியரிங்கில் நின்றது. மூச்சை இழுத்துப் பிடித்து சீட்டுக்குள் இறங்கினார். திரும்ப எழ, பட்டறைக்காரரும் அவருடைய துணியும் தேவைப்பட்டன.

"நீங்க இருங்க. ஓட்டி ரொம்ப நாளாச்சு" என்றாள் மனைவி. "நான் ஒரு சுத்து போயிட்டு வரேன். அம்மா, நீ ஏறு. தலை சுத்துதான்னு பார்த்துடலாம்."

அத்தையால் எங்கே ஏற முடியப் போகிறது என்று இன்ஸ்பெக்டர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மாமியார் புடவையைச் சேர்த்துப் பிடித்து, திரும்பி, வழுக்கி, காலை நீட்டி உட்கார்ந்தார். எதையும் பிடிக்கவில்லை.

"எப்படி?" என்றார் இன்ஸ்பெக்டர், வாய் பிளந்து.

"நீங்க ஆபீஸ் போனப்புறம் மத்தியானமெல்லாம் அம்மாதான் பழகினாங்க. நீங்க தப்புப் பண்றதைப் பார்த்தே கத்துக்கிட்டாங்க."

"மாப்பிள்ளை, கண்ணுல தூசி விழும். அந்தக் கண்ணாடியைக் குடுங்க. இந்தப் பையை வச்சுக்குங்க."

கார் உறுமிக்கொண்டு போனது. இன்ஸ்பெக்டர் கைப்பையோடு நின்றார். ஒரு சுற்று என்றார்கள். ஊரையே சுற்றினார்கள் போலிருக்கிறது. திரும்பி வந்தபோது இரண்டு பேர் தலைமுடியும் பறந்து நின்றது. மாமியார் முகத்தில் அவருடைய கூலிங் கிளாஸ். அப்படியொரு சிரிப்பை அந்த முகத்தில் அவர் பார்த்ததே இல்லை.

"தலை கொஞ்சம்கூடச் சுத்தலை மாப்பிள்ளை. உங்க ஆராய்ச்சி பிரமாதம்!"

"எடுத்துக்குறோம்" என்றாள் மனைவி பட்டறைக்காரரிடம். "ஸ்கூல் பேர்லயே எழுதிடுங்க. வண்டியை இப்போவே எடுத்துட்டுப் போறோம், கதவுல போர்டு அப்புறம் வந்து மாட்டிக்கிறோம்."

"இரு, இரு, இரு!" இன்ஸ்பெக்டருக்குக் குரல் கீச்சென்று வந்தது. "ரெண்டு சீட்! ரெண்டே ரெண்டு சீட்! நான் எங்கே உட்கார்றது?"

"ஏங்க, லிஃப்ட்ல எத்தனை பேருன்னுதானே போர்டு மாட்டுவீங்க? யார் யாருன்னு மாட்டுவீங்களா?"

இத்தனை வருஷ உத்தியோகத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. பழைய கார்! அது இப்போது யாருக்கு? மனைவியும் மாமியாரும் சிவப்புக் காரில். பழைய கார் வாசலில் தனியாக. ஸ்டியரிங் இருக்கிறது. பக்கத்தில் பிரேக் மிதிக்க ஆளில்லை. முன்சீட் என்ன, காரே அவருடையது!

"பரவாயில்லை" என்றார் பெருந்தன்மையாக. "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. நான் பழைய காரை ஓட்டிட்டு வரேன்."

"ம்" என்று சொல்லிவிட்டு அவள் காரைக் கிளப்பினாள். அம்மாவும் மகளும் சிவப்பாகப் பறந்து மறைந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் விசிலடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். பழைய காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, லைசென்ஸ் தேர்வில் தோற்றுக்கொண்டே இருக்கும் பல் டாக்டர் ஒருவர் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில், இரண்டாவது பிரேக்கில் காலை வைத்தபடி, ஒரு பெண்மணி.

"வாங்க சார். நான் ஸ்கூலுக்குப் புது டீச்சர். ரெண்டாவது கார் வந்ததும் சேர்த்துக்கிறேன்னு மேடம் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. எங்களை இங்கேயே வரச் சொல்லி, போறப்போ சாவியைக் குடுத்துட்டுப் போனாங்க. இன்னையிலேருந்து இந்தக் கார் முழுக்க கிளாஸுக்குத்தான். டாக்டர் மெயின் ரோட்டுல ஓட்டப் போறது இதுதான் முதல் தடவை."

"அப்போ நான்?"

அவள் மரியாதையோடு திரும்பி, கூம்புகளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"ஏறுங்க சார். கிளாஸுக்கு யார் வந்தாலும் பின்சீட்டை மட்டும் குடுத்துடக் கூடாது, அது சாரோட இடம்னு மேடம் கண்டிப்பா சொல்லியிருக்காங்க."