பாதம் டாக்டர் இறங்கிய வயல்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே மனிதர்களை முகம் பார்த்து அடையாளம் தெரியாத ஒரே டாக்டர் எங்கள் பாதம் டாக்டர்தான். அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்ப்பது அவர் வேலை, வாசலில் ஓ.பி. சீட்டு எழுதுவது என் வேலை. பத்து வருஷம் தினமும் வணக்கம் வைத்திருக்கிறேன். ஒருநாள் கடைத்தெருவில் எதிரே வந்தவர், என் குதிகாலைப் பார்த்த பிறகுதான், "அட, நம்ம பித்தவெடிப்பு!" என்று சிரித்தார்.

நம் ஊர் மரியாதையோடு அவருக்குத் தீராத சண்டை. எல்லோரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். "செருப்பை யாருய்யா வெளியில விடச் சொன்னது? அதையுந்தான் நான் பார்க்கணும்!" என்று கத்துவார். கூட்டம் மொத்தமாக வெளியே ஓடும். திரும்பும்போது பாதிப்பேர் அடுத்தவர் செருப்போடு வருவார்கள்.

ஒருமுறை திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி மாணிக்கம் வந்தார். உள்ளங்காலில் முள் ஏறிப் புண்ணாகி, கட்டைவிரல் வரை வீங்கியிருந்தது. டாக்டர் தொட்டதும் பதறிக் காலை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, என் காலைப் போயி நீங்க தொடலாமாங்க? வலியே இல்லைங்க."

"வலிக்காததுதான்யா வியாதியே! புண்ணு ஆறுற வரைக்கும் வெறுங்கால தரையில வைக்காத. வச்சா விரல் போயிடும்."

"நடவு வருதுங்களே. வயல்ல எப்படிங்க செருப்போட இறங்குறது?"

நடவு நாளன்று டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. லீவு போட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பயந்தபடியே, மாணிக்கம் கட்டுப் போட்ட காலோடு வரப்பில் செருப்பில்லாமல் நின்றிருந்தார். டாக்டர் திட்டிக்கொண்டே பாய்ந்தார். வரப்பை நெருங்கியதும் நின்றார். பழக்கம் விடுமா, தம் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். நடவுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் கொக்குகள் பறந்தன.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார்.

"நீங்க போயி மரத்தடியில கிடக்குற அந்தக் கட்டில்ல உட்காருங்க. உங்களுக்குப் பதிலா நான் இறங்குறேன்."

இறங்கி, நடுகிற பெண்களுக்காக நாற்றுமுடிகளை எடுத்து வீசினார். ஒன்றுகூட விழ வேண்டிய இடத்தில் விழவில்லை.

"டாக்டரய்யா, எங்க தலையில நடாதீங்க!" என்றாள் ஒருத்தி.

மாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் புண் ஆறும்வரை அவர் வெறுங்காலைத் தரையில் வைக்கவும் இல்லை.

டாக்டரின் ரிட்டயர்மெண்ட் அன்று மாணிக்கம் புது அரிசியோடு வந்தார். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்து விழித்தார். மாணிக்கம் காலை முன்னே நீட்டினார். டாக்டர் குனிந்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். ஐந்தும் இருந்தன. "மாணிக்கம்!" என்று கட்டிக்கொண்டார். இந்த முறை மாணிக்கம் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

எனக்கும் இப்போது சர்க்கரை. புதுச் செருப்பு வாங்கினால், அவரிடம் ஒருதரம் காட்டிவிட்டு வர வேண்டும் போலிருக்கிறது.